வீட்டில் செய்த ஸ்பீக்கரை ஹாலுக்கு ஏற்பத் திருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்டியை அறுத்து ஒட்டி, ஒலியை உயர்வு, தாழ்வு என்று பிரித்து அனுப்பும் மின்சுற்றான கிராஸ்ஓவரைச் சாலிடர் செய்து, முதல் பாட்டைப் போட்டுக் கேட்ட பிறகு எழும் கேள்விகளுக்கான விடைகள் இவை. எடுத்துக்காட்டாக வருவது என் சொந்த ஜோடி. தாழ்ந்த ஒலிக்கு ஆறரை அங்குல வூஃபர், உயர்ந்த ஒலிக்கு ஒரு அங்குலப் பட்டுத்துணி ட்வீட்டர், 18 மி.மீ. பிளைவுட்டில் செய்த 20 லிட்டர் பெட்டி, 20 செ.மீ. அகல முன்பலகை, பின்பக்கத்தில் போர்ட் என்னும் காற்றுக்குழாய். அது நிற்கும் ஹால் 16 அடி நீளமும் 12 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்டது. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை என்று நம் ஊரில் பெரும்பாலான வீடுகளைப் போன்றதுதான்.

வரைபடத்தில் உள்ளபடியே செய்திருக்கிறேன். பிறகு ஏன் திருத்த வேண்டும்?

வரைபடம் வரைந்தவரின் அறை வேறு, உங்கள் அறை வேறு. இணையத்தில் கிடைக்கும் வடிவமைப்புகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகின்றன. அமெரிக்க வீடுகளில் சுவர் என்பது பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் அறைந்த ஜிப்சம் பலகை. தாழ்ந்த ஒலி பட்டால் அது சற்றே அதிர்ந்து, அந்த ஆற்றலில் ஒரு பங்கை விழுங்கிவிடும். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எதையும் விழுங்காது, வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும். அதனால் அங்கே அளவாக ஒலிக்கும் பேஸ் இங்கே குடத்துக்குள் பேசுவது போல் முழங்குகிறது. டைல்ஸ் தரையும் சுண்ணாம்புப் பூச்சும் உயர்ந்த ஒலிகளையும் திருப்பி அனுப்புவதால், அங்கே இனிமையாக இருந்த ட்வீட்டர் இங்கே காதைக் குத்துகிறது.

ஸ்பீக்கரின் ஆட்சி எங்கே முடிந்து அறையின் ஆட்சி எங்கே தொடங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஜெர்மன் இயற்பியலாளர் மன்ஃப்ரெட் ஷ்ரோடரின் பெயரால் வழங்கும் ஒரு கணக்கு உண்டு. எதிரொலி அடங்கும் நேரத்தை (நொடியில்) அறையின் கனஅளவால் (கன மீட்டரில்) வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2000ஆல் பெருக்க வேண்டும். என் ஹாலின் கனஅளவு ஏறத்தாழ 54 கன மீட்டர். எதிரொலி அடங்க 0.8 நொடி என்று கொண்டால் விடை சுமார் 240 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே நீங்கள் கேட்பதில் பெரும்பங்கு அறையின் வேலை. அதற்கு மேலே பெரும்பங்கு ஸ்பீக்கரின் வேலை. அறையின் குறையைக் கிராஸ்ஓவரில் தீர்க்கப் போனாலும், கிராஸ்ஓவரின் குறையைத் திரைச்சீலையால் மூடப் போனாலும் வேலை முடியாது.

முதலில் எதை மாற்ற வேண்டும்?

இடத்தை. சாலிடரிங் இரும்பு மேசை இழுப்பறைக்குள்ளேயே இருக்கட்டும்.

ஸ்பீக்கரின் முன்முகத்திலிருந்து பின்சுவர் வரை உள்ள தூரத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். தாழ்ந்த ஒலி முன்னால் மட்டும் போவதில்லை. பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போய், சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. அந்தத் தூரம் ஒலியின் அலைநீளத்தில் கால் பங்காக இருக்கும் அதிர்வெண்ணில், திரும்பி வரும் அலை நேர் அலைக்கு எதிராக நின்று அதை வெட்டிவிடும். நம் ஊர் வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர் என்பதால், 349ஐ அந்தத் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் ஒலி குறைந்து பள்ளம் விழும் அதிர்வெண் தெரியும். 60 செ.மீ. என்றால் 145 ஹெர்ட்ஸ்.

இந்த எண்ணை நான் கற்றுக்கொண்டது அவமானத்தோடுதான். முதல் ஜோடியைச் செய்தபோது ஆண் குரல்கள் எல்லாம் சளி பிடித்துத் தேறியவர் பாடுவது போல் மெலிந்து கேட்டன. இரண்டு மாதம் கிராஸ்ஓவரில் உள்ள காயிலையும் (சுருள் கம்பி) கெப்பாசிட்டரையும் மாற்றிக்கொண்டே இருந்தேன். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பெட்டிகளை ஒன்றரை அடி முன்னால் இழுத்து வைத்துவிட்டு, தூசி தட்டும் நேரத்தில் பாட்டைப் போட்டால், குரலுக்கு மார்பு திரும்பியிருந்தது. 145 ஹெர்ட்ஸில் இருந்த பள்ளம் 80 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிட்டது. ஆண் குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது.

பக்கச்சுவருக்கும் தரைக்கும் இதே கணக்குப் பொருந்தும். பின்சுவர், பக்கச்சுவர், தரை ஆகிய மூன்றிலிருந்தும் வூஃபர் ஒரே தூரத்தில் இருந்தால் மூன்று பள்ளங்களும் ஓரிடத்தில் விழுந்து பெரும்பள்ளமாகிவிடும். மூன்றும் வெவ்வேறாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

உட்காரும் இடம் அவ்வளவு முக்கியமா?

ஸ்பீக்கரின் இடத்துக்குச் சமமாக முக்கியம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே நிற்கும் அலைகளின் அடி அதிர்வெண்ணை, ஒலியின் வேகத்தை அந்தச் சுவர்களின் இடைவெளியைப் போல் இரு மடங்கால் வகுத்துப் பெறலாம். என் ஹாலில் நீளவாக்கில் 36, அகலவாக்கில் 48, உயரவாக்கில் 57 ஹெர்ட்ஸ். அவற்றின் இரட்டிப்புகளாக 72, 95, 114. நீளத்தின் நட்டநடுவில் உட்கார்ந்தால் 36 ஹெர்ட்ஸ் மறைந்துபோகும். சுவரோடு சுவராக உட்கார்ந்தால் இவை எல்லாம் சேர்ந்து முதுகில் அறையும். சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போடுவது நம் வழக்கம். அதை ஒன்றரை அடி, இரண்டடி முன்னால் இழுக்க வீட்டில் சம்மதம் கிடைத்தால், எந்த விலையுயர்ந்த உதிரியும் தராத மாற்றம் கிடைக்கும்.

இன்னொன்று வடிவமைப்பாளர்கள் நினைத்துப் பார்க்காதது. நாம் சோபாவிலும் உட்காருகிறோம், பாயிலும் உட்காருகிறோம். சோபாவில் காதின் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். தரையில் சப்பணமிட்டால் அது 75 செ.மீ. பக்கம் வந்துவிடும். வூஃபரும் ட்வீட்டரும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் அதிர்வெண்ணில், செங்குத்துக் கோணம் மாறினால் இரண்டிலிருந்தும் காதுக்கு உள்ள தூர வித்தியாசம் மாறி, அங்கே ஒரு பள்ளம் விழக்கூடும். எந்த நிலையில் அதிகம் கேட்கிறீர்களோ அதற்கு ஏற்ப ஸ்டாண்டின் உயரத்தை வெட்டுங்கள், அல்லது பெட்டியைச் சற்றே சாயுங்கள்.

ஒலியை அளக்க மைக் வாங்கித்தான் ஆக வேண்டுமா? காது போதாதா?

காது கேட்டு முடிவு சொல்லும். குறை எந்த ஹெர்ட்ஸில் இருக்கிறது என்று சொல்லாது. 145 ஹெர்ட்ஸ் குறைகிறதா, 2,500 ஹெர்ட்ஸ் மிகுந்திருக்கிறதா என்று காதை மட்டும் கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் வரும். ஜான் மல்காஹி எழுதிய ரூம் ஈக்யூ விசார்ட் என்னும், ஒலியை அளக்கும் இலவச மென்பொருளும், ஒவ்வொரு மைக்கின் பிழையையும் சரிக்கட்டும் திருத்தக் கோப்புடன் வரும் மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூமிக்-1 போன்ற யூஎஸ்பி மைக்கும் இந்த வேலைக்குப் போதும். செல்போன் மைக்கை இரண்டு ஸ்பீக்கர்களையும் ஒப்பிடப் பயன்படுத்தலாம். அதன் வரைபடத்தை நம்பிக் கிராஸ்ஓவரை மாற்ற வேண்டாம்.

ஹாலில் அளந்தால் வரைபடம் மலைத்தொடர் போல் வருகிறது. ஸ்பீக்கர் சரியில்லையா?

அது அறையும் ஸ்பீக்கரும் கலந்த படம். ஸ்பீக்கரை மட்டும் பார்க்க, எதிரொலி வந்து சேர்வதற்கு முன்னால் அளவை வெட்டிவிட வேண்டும். மைக்கும் ட்வீட்டரும் ஒரு மீட்டர் உயரத்தில், ஒரு மீட்டர் இடைவெளியில் இருந்தால், தரையில் பட்டு வரும் ஒலி 1.24 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து, சுமார் மூன்றரை மில்லி நொடி தாமதமாக வருகிறது. அந்த மூன்றரை மில்லி நொடியை மட்டும் எடுத்துக்கொண்டால் 280 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் தெரியாது. மேலேயும் நுணுக்கம் குறைவாகவே இருக்கும்.

இதற்கு நம்மிடம் மொட்டை மாடி இருக்கிறது. சுவரும் தண்ணீர்த் தொட்டியும் எட்டியிருக்கும் இடமாகப் பார்த்து, ஸ்பீக்கரையும் மைக்கையும் இரண்டு மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் தரை எதிரொலி ஒன்பது மில்லி நொடி வரை வராது. ஏறத்தாழ 110 ஹெர்ட்ஸ் வரை நம்பத்தக்க படம் கிடைக்கும். மேசை மேல் முக்காலி, முக்காலி மேல் பெட்டி என்று அடுக்கும்போது ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று எழும் மாலை நேரத்தில் மைக்கில் காற்றின் உறுமல் மட்டுமே பதிவாகும், விடியற்காலைதான் உகந்தது. அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விடிகாலையில் கீழிருந்து மேலே ஊளையிடும் ஸ்வீப் ஒலியைக் கேட்டு எதிர்வீட்டுத் தாத்தா ஒருமுறை டார்ச்சோடு மாடிக்கு வந்துவிட்டார்.

ஹாலில் அளக்கும்போது ஓரிடத்தில் மைக்கை நிறுத்தி எடுத்த ஒற்றைக் கோட்டை நம்பாமல், தலை இருக்கும் இடத்தைச் சுற்றி ஆறேழு இடங்களில் எடுத்துச் சராசரி பாருங்கள்.

பேஸ் முழங்குகிறது. இடம் மாற்றியும் அடங்கவில்லை. பெட்டியைத் திறக்கலாமா?

திறப்பதற்கு முன்னால் போர்ட்டில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகிக் கேளுங்கள். முழக்கம் அடங்கினால் தீர்வு போர்ட்டில் இருக்கிறது.

என் பெட்டியில் போர்ட்டாக இருப்பது 59 மி.மீ. உள்விட்டம் கொண்ட பிவிசி குழாய். 16 செ.மீ. நீளத்தில் அது சுமார் 45 ஹெர்ட்ஸுக்கு ஒத்திசைகிறது. காகிதத்தில் பார்த்தால் அழகான தேர்வு. 45 வரை பேஸ் சமமாக நின்று பிறகு இறங்கும். ஆனால் என் ஹாலோ 48இல் தானாகவே ஏற்றித் தருகிறது. சமமான பேஸின் மேல் அறையின் ஏற்றமும் சேர்ந்ததால்தான் அந்த முழக்கம். அதே குழாயை 24 செ.மீ. ஆக்கினால் ஒத்திசைவு 38 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. 45 முதல் 70 வரை ஸ்பீக்கர் தரும் பேஸ் கொஞ்சம் முன்னதாகவே சரியத் தொடங்குகிறது. அந்தச் சரிவை அறை நிரப்பிக்கொள்கிறது. செங்கல் வீட்டுக்குப் போர்ட்டின் ஒத்திசைவைத் தாழ்த்தி வைப்பதே பொதுவாக நல்லது என்பது என் துணிபு. குழாயின் உள்முனைக்கும் எதிர்ப்பலகைக்கும் இடையே குறைந்தது குழாயின் விட்டம் அளவுக்கு இடம் விடுங்கள். இடம் போதாவிட்டால் ஒரு எல்போ போட்டுத் திருப்பலாம். குழாயை முதலில் நீளமாகவே விட்டு, ஸ்பீக்கரின் மின்தடை அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறுவதைக் காட்டும் வரைபடத்தில் இரண்டு மேடுகளுக்கு நடுவே விழும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே அரை அரை அங்குலமாக வெட்டுங்கள்.

மூலையில்தான் வைக்க முடியும் என்றால் போர்ட்டை முழுவதுமாக அடைத்து, மூடிய பெட்டியாகவே ஆக்கிவிடலாம். அப்போது பேஸ் முன்னதாகவே இறங்கத் தொடங்கும். ஆனால் சரிவு ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபெல் என்பதிலிருந்து 12 டெசிபெல்லாக மென்மையாகும். மூலை தரும் ஏற்றத்தோடு அது பல வீடுகளில் நன்றாகவே பொருந்துகிறது.

நடுப்பகுதி தடித்துக் கேட்கிறது. குரல் பானைக்குள் இருந்து வருவது போல் இருக்கிறது. ஏன்?

முன்பலகை விளைவுக்கான ஈடு மிகுந்திருக்கலாம். உயர்ந்த ஒலிகளை முன்பலகை முன்னோக்கியே தள்ளுகிறது. தாழ்ந்த ஒலிகள் பலகையைச் சுற்றி எல்லாத் திசையிலும் பரவி முன்பக்கத்தில் குறைந்துவிடுகின்றன. மாற்றத்தின் நடுப்புள்ளியை, 115ஐப் பலகையின் அகலத்தால் (மீட்டரில்) வகுத்து அறியலாம், 20 செ.மீ. பலகைக்கு 575 ஹெர்ட்ஸ். திறந்த வெளியில் இந்தக் குறைவு 6 டெசிபெல் வரை போகும். அதைச் சரிக்கட்டத்தான் வூஃபர் காயிலைப் பெரிதாக்கி, நடுப்பகுதியைக் கீழே இறக்குகிறார்கள்.

வடிவமைப்பாளர் தம் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து நான்கடி தள்ளி வைத்து 6 டெசிபெல் ஈடு கொடுத்திருப்பார். நீங்கள் டிவி யூனிட்டின் மேல் சுவரோடு ஒட்டி வைத்திருப்பீர்கள். சுவரே பாதியை ஈடு செய்துவிடுவதால் உங்களுக்கு 3 டெசிபெல் போதும். காயிலின் மதிப்பைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். காயிலை மாற்றினால் வூஃபரும் ட்வீட்டரும் சந்திக்கும் இடமும் நகரும் என்பதால், இந்த ஒரு வேலையை அளக்காமல் செய்யவே கூடாது.

ட்வீட்டர் குத்துகிறது. எந்த ரெசிஸ்டரைப் போடுவது?

ட்வீட்டருக்கு முன்னால் தொடராக ஒன்றும், ட்வீட்டருக்கு இணையாக ஒன்றும் போட்டால் கிராஸ்ஓவர் பார்க்கும் சுமை மாறாமல் ஒலி மட்டும் குறையும். 8 ஓம் ட்வீட்டரை 1 டெசிபெல் குறைக்கத் தொடரில் 0.9 ஓம், இணையில் 65 ஓம். 2 டெசிபெல்லுக்கு 1.6 ஓமும் 31 ஓமும். 3 டெசிபெல்லுக்கு 2.3 ஓமும் 19 ஓமும். கடையில் கிடைக்கும் நெருங்கிய மதிப்பு போதும். 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் இந்த வேலைக்கு உகந்தது.

வீட்டில் செய்த ஸ்பீக்கரின் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. கிராஸ்ஓவரை முதல் நாளே பெட்டிக்குள் புதைக்காமல், ஒரு பலகைத் துண்டில் பரப்பிப் பெட்டிக்கு வெளியே ஒரு மாதம் வையுங்கள். ரெசிஸ்டர்களை முதலைவாய் கிளிப்பில் மாட்டுங்கள். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு 1.6 ஓமைக் கழற்றி 2.2ஐ மாட்ட அரை நிமிடம்தான். அரை டெசிபெல் என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை. 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் முழுவதும் அரை டெசிபெல் மாறினால் வயலின் வில்லின் உரசல் முன்னே வருவதையும் பின்னே போவதையும் உணரலாம்.

ஆனால் முதலில் ஹாலின் நடுவில் நின்று கையைத் தட்டுங்கள். ‘டர்ர்ர்’ என்று ஓர் அதிர்வு தொடர்ந்தால் குத்துவது ட்வீட்டர் அல்ல, எதிரெதிரான வெற்றுச் சுவர்கள். அங்கே ரெசிஸ்டர் போட்டால் குத்தலும் போகாது, ஒலியின் உயிரும் போய்விடும்.

அதற்கு என்ன செய்வது? முட்டை அட்டை ஒட்டலாமா?

வேண்டாம். முட்டை அட்டையும் தெர்மாகோலும் தூசி சேர்ப்பதைத் தவிர உருப்படியாக எதுவும் செய்வதில்லை. ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு கனத்த பவானி ஜமக்காளம், ஜன்னலுக்கு மடிப்பு விட்டுத் தைத்த தடித்த துணி, பின்சுவரில் புத்தக அலமாரி ஆகியவை முதல் படி. பக்கச்சுவரில் எங்கே தடுப்பு தேவை என்று அறிய, நீங்கள் உட்கார்ந்துகொண்டு, ஒருவரைச் சுவரோரமாக முகம்பார்க்கும் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் ட்வீட்டர் தெரியும் இடமே எதிரொலி புறப்படும் இடம். அங்கே 50 மி.மீ. ராக்வுல் (கல்பஞ்சு) பலகையைத் துணி போர்த்தி, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினால் நடுப்பகுதி தெளியும்.

பேஸ் முழக்கத்தை இவை எதுவும் தொடாது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் கால் அலைநீளமே ஒன்றேமுக்கால் மீட்டர்; இரண்டு அங்குலப் பஞ்சு அதன் முன் எம்மாத்திரம்?

ஈக்வலைசர் போட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது. எதிரொலியால் வெட்டப்பட்ட இடத்தில் 6 டெசிபெல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் நான்கு மடங்கு திறன் தர வேண்டும். வெட்டும் அலையும் அதே அளவு ஏறுவதால் பள்ளம் அப்படியே இருக்கும், வூஃபர்தான் திணறும். கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ, ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில் காமில்லாடிஎஸ்பி போன்ற இலவச மென்பொருள்களில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள இரண்டு மூன்று மேடுகளை மட்டும் இறக்குங்கள். அதற்கு மேலே ஹாலில் எடுத்த வரைபடத்தைத் தட்டையாக்க முயன்றால் ஒலி மெலிந்து வெளிறிப்போகும். நல்ல ஸ்பீக்கர் சாதாரண அறையில் இயல்பாகவே பேஸிலிருந்து மேல் நோக்கி மெல்லச் சரியும் கோட்டையே தரும்.

பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் சேர்த்தால்?

ஒன்றைவிட இரண்டு நல்லது. ஒலி கூடுவதற்காக அல்ல, இருக்கைக்கு இருக்கை மாறாமல் இருப்பதற்காக. ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வில், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று வைப்பது எளிமையும் பயனும் உள்ள ஏற்பாடாக வந்தது. ஒன்றுதான் உண்டு என்றால் அதைச் சோபாவின் மேல் ஏற்றிப் பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துபோய், பேஸ் சீராகக் கேட்கும் இடத்தில் அதை இறக்கி வையுங்கள். விருந்தாளிகள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்வது நலம்.

விலையுயர்ந்த ஒயர் தேவையா?

தேவையில்லை. 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் ஐந்து மீட்டர் போக, ஐந்து மீட்டர் வர மொத்தம் 0.08 ஓம் கூட இல்லை. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது நூற்றில் ஒரு பங்கு.

குரல் நடுவில் நிற்காமல் பரவிக் கிடக்கிறது. என்ன காரணம்?

ஒரு பக்க ஒயர் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் பேஸும் காணாமல் போயிருக்கும். பேஸ் சரியாக இருந்து குரல் மட்டும் குழம்பினால், ஒரு பெட்டியில் ட்வீட்டர் மட்டும் தலைகீழாக இணைந்திருக்கலாம். மைக்கில் அளந்தால் அந்தப் பெட்டியில் சந்திப்பு அதிர்வெண்ணில் ஆழமான பள்ளம் தெரியும். இரண்டும் இல்லையென்றால் ஹாலைப் பாருங்கள்: ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் சாப்பாட்டு அறைக்குத் திறந்த வழியும் இருந்தால் இரு பக்கமும் ஒன்றாகக் கேட்காது. சுவர்ப்பக்க ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து விலக்கி, இரண்டையும் கேட்பவரை நோக்கிச் சற்றே திருப்புங்கள்.

எதைப் போட்டுக் கேட்டுப் பார்ப்பது?

நீங்கள் நேரில் கேட்டுப் பழகியதை. எனக்குத் தம்புராதான் முதல் அளவுகோல். ஜீவாளி (தந்திக்கு அடியில் செருகும் நூல்) சரியாக வைத்த தம்புராவில் ஒரே மீட்டலில் கீழ் ஸ்வரமும் அதன் மேல் பிரியும் நுண்ணொலிகளும் ஒரே தாரையாக வர வேண்டும். அந்த ரீங்காரம் தனியாகப் பிரிந்து மினுங்கினால் ட்வீட்டர் மிகை, மங்கினால் குறை. மிருதங்கத்தின் தொப்பியில் (இடப்பக்கத்தில்) விழும் கும்கி என்னும் முழக்கம் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சுருதியில் வழுக்கி ஏறுவது தெரிய வேண்டும். எல்லாம் ஒரே ‘தும்’ என்று கேட்டால் அறையின் மேடு ஒன்று இன்னும் அடங்கவில்லை. பேச்சுக்கு வானொலிச் செய்தி வாசிப்பு. ‘ச’வும் ‘ஸ’வும் சீறாமல் இருக்க வேண்டும்.

இரண்டு அமைப்புகளை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமப்படுத்துங்கள். சற்றே உரக்கக் கேட்பது எப்போதும் சிறந்ததாகவே தோன்றும். நீங்கள் வழக்கமாக வைக்கும் அளவிலேயே கேளுங்கள்: ஒலி குறையும்போது காது பேஸை அதைவிட வேகமாக இழக்கிறது என்பதால், உரக்க வைத்துத் திருத்தியது ராத்திரி பத்து மணிக்கு மெலிந்து கேட்கும்.

ஏதோ ஒன்று கிர்ரென்று அதிர்கிறது. பெட்டி பிளந்துவிட்டதா?

30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒற்றை ஒலியைத் தாழ்வாகப் போட்டுவிட்டு ஹாலைச் சுற்றி வாருங்கள். என் வீட்டில் 57 ஹெர்ட்ஸில் ஷோகேஸ் கண்ணாடியும், 72இல் பூஜை அலமாரியில் வெண்கல மணியும், 95இல் மின்விசிறியின் மேல்கிண்ணமும் அதிர்ந்தன. மூன்றும் ஒரு துண்டு ஃபெல்ட்டிலும் ஒரு திருகிலும் அடங்கின. இவற்றை முடித்த பிறகும் அதிர்ந்தால்தான் பெட்டியின் ஒட்டுகளைச் சந்தேகிக்க வேண்டும்.

கிராஸ்ஓவரை எப்போது பெட்டிக்குள் பொருத்தலாம்?

இரண்டு வாரம் எந்த ரெசிஸ்டரையும் மாற்றத் தோன்றாதபோது. காயில்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும் வூஃபர் காந்தத்திலிருந்து தள்ளியும் வையுங்கள். ஒரே வாக்கில் நெருங்கி இருந்தால் ஒன்றின் புலம் மற்றொன்றில் ஏறும். ரெசிஸ்டர்கள் சூடாகும் என்பதால் பெட்டிக்குள் இருக்கும் பஞ்சு அவற்றைத் தொடக் கூடாது. எல்லா மதிப்புகளையும் போர்ட்டின் நீளத்தையும் தேதியோடு ஒரு காகிதத்தில் எழுதி, பின்பலகையின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். வீடு மாறும்போது அது தேவைப்படும்.